ஓக் ரோட்டில் கடைசி ஞாயிறு

லண்டனில் லூட்டன் என்று சொன்னால் விமான நிலையத்தைத்தான் நினைப்பார்கள். மலிவு டிக்கெட்டில் ஸ்பெயினுக்கும் போலந்துக்கும் பறக்கிறவர்கள் விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்ச் சேரும் இடம். அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரில் 1885-இல் தொடங்கிய ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது, 31 ஆண்டுக்குப் பிறகு அது இங்கிலாந்தின் முதல் பிரிவுக்குத் திரும்பிவிட்டது என்பதெல்லாம் 2023-ஆம் ஆண்டுக் கோடையில்தான் பலருக்கு உறைத்தது. அடுத்த மே மாதத்திலேயே அது கீழே இறங்குகிற நாளும் வந்தது. அன்றைக்குத்தான் நான் அங்கே போனேன்.

19 மே 2024, ஞாயிற்றுக்கிழமை. பிரீமியர் லீகின் கடைசி நாள். பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில், மாலை நான்கு மணிக்கு. லூட்டன் டவுன் தன் சொந்த மைதானமான கெனில்வொர்த் ரோட்டில் ஃபுல்ஹாமோடு ஆடுகிறது. என்னிடம் டிக்கெட் இல்லை. பன்னிரண்டாயிரம் பேர் கொள்வதே கஷ்டமான மைதானம். உள்ளூர்க்காரர்களே வரிசையில் காத்துக்கிடக்கும்போது எனக்கு எங்கிருந்து கிடைக்கும்? எனக்கு அந்த மைதானத்தின் வாசலைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. படத்தில் பார்த்ததிலிருந்தே ஆசை.

கூட வந்தவன் அக்கா மகன். ஹாரோவில் இருக்கிறான், ஆர்சனல் பைத்தியம். அன்றைக்கு ஆர்சனலுக்கு இருபது வருடக் காத்திருப்பு முடியலாம். மான்செஸ்டர் சிட்டி மட்டும் சறுக்கவேண்டும். "நாலு மணிக்கு நான் டிவி முன்னாடி இருந்தாகணும் மாமா" என்று முதலில் மறுத்தான். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். போனில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

செயின்ட் பாங்க்ரஸிலிருந்து வடக்கே போகும் ரயில் ஒரு மணி நேரத்துக்குள் லூட்டனில் இறக்கிவிடுகிறது. வழியெல்லாம் அவன் ஒரே பல்லவி: "உங்க லூட்டனைக் கீழே தள்ளினதே எங்க டெக்லன் ரைஸ்தான்." 2023 டிசம்பர் 5-ஆம் தேதி ஆட்டத்தைச் சொல்கிறான். அன்று கெனில்வொர்த் ரோட்டில் லூட்டன் ஒரு கட்டத்தில் 3-2 என்று முன்னால் இருந்தது. ராஸ் பார்க்லி மூன்றாவது கோலைப் போட்டார். அடுத்த சில நிமிடங்களிலேயே காய் ஹாவர்ட்ஸ் சமன் செய்தார். சரி, ஒரு புள்ளியாவது தேறும் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது 97-ஆவது நிமிடத்தில் ரைஸ் தலையால் முட்டிக் கதையை முடித்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு லிவர்பூலுக்கு எதிராகவும் இதே மாதிரி. 80-ஆவது நிமிடத்தில் டாஹித் சோங் கோல் போட, கூடுதல் நேரத்தில் லூயிஸ் டியாஸ் வந்து சமன் செய்தார். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தப் பருவம் முழுக்க இந்த இரண்டு ஆட்டங்களைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லின. பாவம் லூட்டன், கடைசி நிமிடத்தில் கைநழுவிப்போகிறது, ஆனாலும் என்ன வீரம்! மருமகன் அதே கதையைத்தான் கொஞ்சம் தற்பெருமை சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். ஊரின் மையத்தைத் தாண்டி டன்ஸ்டபிள் ரோட்டுக்கு வந்துவிட்டால் பெரி பார்க். அங்கே கால் வைத்ததும் வாசனையே மாறிவிடுகிறது. வறுத்த சீரகமும் கரியில் வாட்டிய இறைச்சியும். சேலைக்கடை, நகைக்கடை, மிட்டாய்க்கடை, ஹலால் கறிக்கடை. பாகிஸ்தான் காஷ்மீரிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் பகுதி. பக்கத்திலேயே மத்திய மசூதி. இதற்கு நடுவே ஆரஞ்சுச் சட்டை போட்ட கூட்டம் மைதானத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு லூட்டனின் நிறம். ஒரு மிட்டாய்க்கடை வாசலில் ஆரஞ்சு நிற ஜிலேபி தட்டு நிறைய இருந்தது. அது கிளப்புக்காகவா, எப்போதும் அப்படித்தானா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எப்பவும் இதே நிறம்தான், நாங்க இவங்களுக்கு முன்னாடியே ஆரஞ்சு" என்று சிரித்தார். மேட்ச் நாளில் வியாபாரம் எப்படி என்றதற்கு, கார் நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் வருவதில்லை, ஆனாலும் இந்த வருடம் ஊர்ப்பேர் உலகமெல்லாம் டிவியில் வந்ததே என்றார். அவர் இதுவரை மைதானத்துக்குள் போனதில்லையாம். மகன் போகிறானாம்.

லூட்டனின் பழைய தொழில் தொப்பி. பெட்ஃபோர்ட்ஷர் வயல்களின் வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்த ஊர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைகளில் பாதியை இந்த ஊர் மூடியது என்று கொஞ்சம் மிகையாகச் சொல்லலாம். அதனால்தான் இன்றும் அணிக்கு 'ஹேட்டர்ஸ்' என்று பெயர். பிறகு கார் வந்தது. வாக்ஸ்ஹால் நிறுவனம் லூட்டனுக்குக் குடிவந்தது 1905-இல். கிளப் கெனில்வொர்த் ரோட்டுக்குக் குடிவந்ததும் அதே 1905-இல். கார் உற்பத்தி 2002-இலேயே நின்றது. நான் போனபோது வேன் மட்டும் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச்சில் அதுவும் மூடியாயிற்று.

ஓக் ரோடு என்பது சாதாரணத் தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகள், வாசலில் குப்பைத் தொட்டிகள், ஜன்னலில் வலைத் திரை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் கீழ்த்தளம் காணாமல் போகிறது. மாடி அப்படியே இருக்கிறது, ஜன்னலும் ஓடும் அப்படியே. அடியில் மட்டும் அகலமான ஒரு திறப்பு, அதில் டிக்கெட் சரிபார்க்கும் சுழல்வாயில்கள். நம்மூரில் பெட்டிக்கடை வைக்க வீட்டின் முன்னறையை இடித்த மாதிரி. எதிரணி ரசிகர்கள் உள்ளே போகும் வழி இதுதான். வாயிலைத் தாண்டியதும் இரும்புப் படிக்கட்டு ஏறுகிறது, அதில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். துணிக்கொடி, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், புதினா வளர்த்த தொட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் உலகக் கோப்பை ஆடியவர்களைப் பார்க்கப் போகவேண்டும். ஃபுல்ஹாம் ரசிகர்கள் ஒவ்வொருவரும் சுழல்வாயிலுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தேம்ஸ் கரையில் புது அரங்கு கட்டியிருப்பவர்கள். அவர்களுக்கு இது காணாத காட்சி.

பிரீமியர் லீகுக்கு வந்ததும் இந்த மைதானத்தைச் சீரமைக்கச் சுமார் ஒரு கோடி பவுண்டு ஆயிற்று. கேமரா வைக்க இடம், வெளிச்சம், செய்தியாளர் இருக்கை என்று லீகின் விதிகள் நீளம். ஒரு பக்கத்து 'பாபர்ஸ்' அரங்கையே இடித்துக் கட்டினார்கள். வேலை முடியாததால் ஆகஸ்டில் நடக்கவேண்டிய முதல் சொந்த மைதான ஆட்டமே தள்ளிப்போனது. இதே மைதானம் 1985 முதல் 1991 வரை பிளாஸ்டிக் புல்லில் ஆட்டம் நடத்தியது. 1985 மார்ச்சில் மில்வால் ரசிகர்கள் நடத்திய கலவரத்துக்குப் பிறகு, எதிரணி ரசிகர்கள் யாருமே வரக்கூடாது என்று நான்கு பருவங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்தது. கோபக்காரப் பழைய வீடு. அதைத் தொலைக்காட்சிக்காரர்கள் 'அழகான சின்ன மைதானம்' என்று கொஞ்சுவதைக் கேட்டால் அங்கே வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வருமாம்.

அப்படிச் சொன்னவர் தெருமுனையில் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு பெரியவர். வாக்ஸ்ஹாலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு, ஆனால் ஆட்டம் தொடங்கும் நேரத்திலும் உள்ளே போகவில்லை. தன் சீசன் டிக்கெட்டைப் பேரனிடம் கொடுத்துவிட்டாராம். "அவன் கடைசி ஆட்டம் பார்த்ததில்லை. நான் நிறையப் பார்த்துவிட்டேன்."

உண்மையிலேயே நிறையத்தான். 1983 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் கடைசி நாள். தோற்றாலோ சமன் செய்தாலோ லூட்டன் கீழே, ஜெயித்தால் சிட்டி கீழே. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது யூகோஸ்லாவியக்காரர் ராடி ஆன்டிச் கோல் போட்டார். மேனேஜர் டேவிட் ப்ளீட் வெளிர்நிற கோட்டும் சூட்டுமாக மைதானத்தின் குறுக்கே துள்ளிக்கொண்டு ஓடிய காட்சியை இங்கிலாந்தில் இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். 1988-இல் ஆர்சனலை 3-2 என்று வென்று லீக் கோப்பை. (இதைப் பெரியவர் மருமகனைப் பார்த்துச் சொன்னார். அவன் அப்போது பிறக்கவே இல்லை என்று தப்பித்துக்கொண்டான்.) 1992-இல் கடைசி நாளில் நாட்ஸ் கவுன்டியிடம் தோற்று முதல் பிரிவிலிருந்து இறங்கினார்கள், சில மாதங்களில் அதே பிரிவு பிரீமியர் லீக் என்று பெயர் மாற்றிப் பணமழையில் நனையத் தொடங்கியது. லூட்டன் நனையவில்லை. 2008-இல் கடன், நிர்வாக முறைகேடு என்று மொத்தம் 30 புள்ளி கழித்தார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுகூட இல்லை, பூஜ்யத்துக்கும் முப்பது கீழே, பள்ளத்தில் இருந்து தொடங்கிய பருவம் அது. 2009-இல் லீகை விட்டே வெளியேறி ஐந்து பருவங்கள் ஐந்தாவது பிரிவில் கிடந்தார்கள்.

அங்கிருந்து மேலே வந்த கதையில் ஓர் ஆள் மட்டும் முழுக்கக் கூட இருந்தார். பெல்லி ரடக் எம்பான்ஸு 2013-இல் சேர்ந்தபோது லூட்டன் ஐந்தாவது பிரிவு. பத்து வருடம் கழித்து அதே சட்டையில் பிரீமியர் லீகில் இறங்கினார். ஒரே கிளப்போடு அப்படி ஏறியவர் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. மேனேஜர் ராப் எட்வர்ட்ஸின் கதையும் வேடிக்கைதான். பக்கத்து ஊர் எதிரியான வாட்ஃபோர்ட் அவரைச் சில மாதங்களிலேயே வேலையை விட்டு அனுப்பியது. இரண்டு மாதத்தில் லூட்டன் எடுத்துக்கொண்டது. அந்தப் பருவத்திலேயே வெம்ப்ளியில் காவன்ட்ரியைப் பெனால்டியில் 6-5 என்று வென்று மேலே கொண்டுவந்துவிட்டார்.

நான்கு மணி ஆயிற்று. உள்ளே விசில். தெருவில் நாங்கள் சில பேர், மஞ்சள் கோட்டு போட்ட காவல் ஊழியர்கள், சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். ஓக் ரோட்டில் நின்று ஆட்டம் 'பார்ப்பது' எப்படி என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். சத்தம் தலைக்கு மேலிருந்து, பக்கத்திலேயே வெடித்தால் எதிரணி கோல். ஏனென்றால் அவர்கள் உட்கார்வது இந்தப் பக்கம். சத்தம் சற்றுத் தள்ளி, ஆனால் மூன்று பக்கமும் சேர்ந்து உருண்டு வந்தால் லூட்டன். இரண்டுக்கும் நடுவே 'ஆ' என்ற பெருமூச்சு வந்தால் பந்து கம்பத்தில் பட்டது அல்லது லூட்டனின் கோல்காரர் மோரிஸ் தவறவிட்டார்.

கணக்குப்படி லூட்டனுக்கு அன்றைக்கும் ஒரு வழி திறந்திருந்தது. லூட்டன் ஜெயிக்கவேண்டும், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பர்ன்லியில் தோற்கவேண்டும், கூடவே கோல் வித்தியாசத்தில் 12 கோல் இடைவெளியை நிரப்பவேண்டும். இதை யாரும் வழி என்று சொல்ல மாட்டார்கள். கால் மணி நேரத்துக்குள்ளேயே ஃபாரஸ்ட் இரண்டு கோல் போட்டுவிட்டது என்று மருமகன் போனைப் பார்த்துச் சொன்னான். அவன் முகமும் சரியில்லை. சிட்டிக்கு ஃபில் ஃபோடன் இரண்டாவது நிமிடத்திலேயே போட்டிருந்தார்.

முதல் பாதி முடியப்போகும் நேரம் வரை ஓக் ரோடு சும்மா இருந்தது. பிறகு தலைக்கு மேலே வெடிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் தள்ளி உருண்டு வந்த பேரொலி, பெனால்டி, மோரிஸ். தெருவில் இருந்த பையன்கள் பந்தை விட்டுவிட்டுக் குதித்தார்கள். குதித்து இறங்குவதற்குள் மறுபடி தலைக்கு மேலே. பெரியவர் சிரித்தார். "இதுதான் இந்த வருடம். இவ்வளவுதான் இந்த வருடம்."

இடைவேளையில் அவர் சொன்னதுதான் எனக்கு ரயிலில் தொண்டையில் நின்ற கேள்விக்குப் பதில். மருமகன் ரைஸ் புராணத்தை மறுபடி எடுத்தான். பெரியவர் விரலை மடக்கினார். "ரைஸைச் சொல்கிறாய், டியாஸைச் சொல்கிறாய். க்ரிஸ்டல் பேலஸில் 96-ஆவது நிமிடத்தில் கோல் போட்ட உட்ரோவை யார் சொல்கிறார்கள்? ஃபாரஸ்டுக்கு எதிராக 89-இல் பெரி? பர்ன்லியில் கூடுதல் நேரத்தில் மோரிஸ்? ஃபாரஸ்ட் ஊரில் இரண்டு கோல் பின்னால் இருந்து கடைசியில் சமன் செய்தோமே? கடைசி நிமிடம் எங்களிடம் வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம் தம்பி."

இதை நான் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். அவர் சொன்னது சரி. 38 ஆட்டத்தில் லூட்டன் போட்ட கோல் 52. பதினைந்தாம் இடத்தில் முடித்த எவர்ட்டன் போட்டது வெறும் 40. கோல் போடத் தெரியாத அணி இறங்குவதுதான் வழக்கம்; லூட்டனுக்குப் போடத் தெரியும். அடபயோ பத்து, மோரிஸ் பதினொன்று. ஆனால் வாங்கியது 85. எதிரணியை ஒரு கோலும் போட விடாமல் முடித்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு, நியூகாஸிலுக்கு எதிராக 1-0, பிரைட்டனுக்கு எதிராக 4-0. சொந்த மைதானத்தில் ஒரே கோல் வித்தியாசத்தில் எட்டு முறை தோற்றார்கள். ஆர்சனலிடம் 3-4 என்று தோற்றது பெருமையான தோல்வி என்றால் இருக்கட்டும். பட்டியலின் அடியில் கிடந்த ஷெஃபீல்ட் யுனைட்டெடிடம் பிப்ரவரியில் சொந்த ஊரில் 1-3 என்று தோற்றதை எந்த வீரக் கதையில் சேர்ப்பது? அந்தப் பருவத்தில் ஷெஃபீல்ட் வாங்கிய கோல் 104. அதற்கு ஒரு வாரம் முன்புதான் லூட்டன் நியூகாஸிலில் 4-4 என்று சமன் செய்து, இருபது புள்ளியோடு ஆபத்துக் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு 16 ஆட்டத்தில் கிடைத்தது ஆறே புள்ளி. ஏப்ரலில் பிரென்ட்ஃபோர்ட் வந்து 5-1 என்று அடித்துவிட்டுப் போனது. வீரம் என்ற ஒரு சொல்லைப் போட்டு ஊடகங்கள் ஓட்டைத் தடுப்பை மூடி மறைத்தன என்பது என் எண்ணம். சின்ன ஊர்க்காரர்களிடம் பெரிய ஊர்க்காரர்கள் காட்டும் பரிவில் எப்போதும் இந்த ஏமாற்று கொஞ்சம் உண்டு. தோற்றாலும் அழகு என்று சொல்லிவிட்டால், ஏன் தோற்றாய் என்று கேட்கவேண்டியதில்லை.

தடுப்பு ஓட்டையானதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் போனார்கள். அதில் ஒருவருக்கு நடந்ததைக் காயம் என்று சொல்வதே தவறு.

கேப்டன் டாம் லாக்யர். வேல்ஸ் நாட்டுக்காரர். வெம்ப்ளி இறுதியாட்டத்தில் ஆரம்பத்திலேயே மைதானத்தில் சரிந்து விழுந்து, அணி ஜெயித்ததை மருத்துவமனையில் இருந்து பார்த்தவர். இதயத் துடிப்புக் கோளாறு என்று அறுவை செய்து, ஆடலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் திரும்பினார். 16 டிசம்பர் 2023, போர்ன்மத் மைதானம். 1-1. இரண்டாம் பாதி, ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டம் முடிந்திருந்தது. பந்து எங்கோ இருக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை, லாக்யர் அப்படியே விழுந்தார். ராப் எட்வர்ட்ஸ் எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்குள் ஓடினார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மருத்துவர்கள் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி தன் இதயம் நின்றிருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஆட்டம் அதோடு கைவிடப்பட்டது. இரண்டு அணி ரசிகர்களும் அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள்.

ஒரு வாரம் கழித்து நியூகாஸிலை 1-0 என்று வென்றபோது கெனில்வொர்த் ரோடு எப்படி இருந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அந்த வாரம் நாங்கள் எல்லாரும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் தூங்கினோம்" என்றார்.

கைவிடப்பட்ட அந்த ஆட்டத்தை மார்ச்சில் மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள். இடைவேளையில் லூட்டன் 3-0 என்று முன்னால். முடிவு 4-3, போர்ன்மத்துக்கு. அந்தப் பருவத்தின் முதுகெலும்பு அங்கேதான் முறிந்தது என்பது பெரியவரின் தீர்ப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை. கேப்டன் விழுந்த அதே புல்லில், அவர் காக்கவேண்டிய அதே இடத்தில், நான்கு கோல். லாக்யர் நெஞ்சில் கருவி பொருத்திக்கொண்டு, பின்னாளில் திரும்பவும் ஆட வந்தார், லூட்டனுக்கு அல்ல, தான் முன்பு ஆடிய பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு. நின்ற இதயத்தை மீட்கும் முதலுதவியை ஊர் ஊராகக் கற்றுக்கொடுக்கும் இயக்கத்திலும் சேர்ந்துகொண்டார்.

இரண்டாம் பாதியில் ஓக் ரோட்டுக்கு மேலே மறுபடி வெடித்தது. கொஞ்ச நேரத்தில் தள்ளியிருந்து ஒரு பதில். அப்புறம் மறுபடி மேலே. 4-2. ஃபுல்ஹாமின் ராவுல் ஹிமெனெஸ் இரண்டு போட்டிருந்தார். அதற்குப் பின் எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. மருமகனின் போனில் ஆர்சனல் எவர்ட்டனை 2-1 என்று வென்றிருந்தது, சிட்டி வெஸ்ட் ஹாமை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. 89 புள்ளி எடுத்தும் இரண்டாமிடம். அவன் தெருவோரக் கைப்பிடிச் சுவரில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே, 26 புள்ளியோடு பதினெட்டாம் இடத்தில் முடித்து வெளியேறும் அணிக்குக் கைதட்டல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு காவல் ஊழியர் என்னிடம் வந்து, பையனுக்கு என்ன ஆயிற்று, லூட்டன் ரசிகனா என்று கேட்டார். ஆர்சனல் என்றேன். அவர் முகத்தில் இருந்த அனுதாபம் சட்டென்று போய்விட்டது.

கூட்டம் வெளியே வந்தது. பேரன் பன்னிரண்டு வயதுப் பையன், கண் சிவந்திருந்தது. பெரியவர் அவனிடம் ஸ்கோரைக் கேட்கவில்லை. "பசிக்கிறதா?" என்றுதான் கேட்டார். இருவரும் பெரி பார்க் பக்கம் கபாப் வாங்கப் போனார்கள்.

திரும்பும் வழியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பவர் கோர்ட் என்ற வெற்றிடம். கிளப்பின் புது மைதானம் வரவேண்டிய மனை. 2019-லேயே அனுமதி கிடைத்தது. 25,000 பேர் அமரும்படி மாற்றிய திட்டத்துக்கு 2024 டிசம்பரில் மறுபடி அனுமதி. லூட்டன் பிரீமியர் லீகுக்கு ஏறியதன் மதிப்பு குறைந்தது 17 கோடி பவுண்டு என்று டெலாய்ட் கணக்குப் போட்டிருந்தது. அதையெல்லாம் ஆட்டக்காரர்கள் மேல் கொட்டியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. பர்ன்லி அப்படித்தான் கொட்டியது. லூட்டன் செலவிட்டதைப் போலப் பல மடங்கு. 24 புள்ளியில், லூட்டனுக்கும் கீழே முடித்தது. மேலே ஏறி வந்த மூன்று அணிகளும் ஒரே பருவத்தில் இறங்கியது 1998-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அடுத்த பருவத்திலும் மூன்றும் இறங்கின. இரண்டு பிரிவுகளுக்கும் இடையே இருந்த படிக்கட்டைப் பணம் மதிலாக உயர்த்திவிட்டது. முன்னொரு நாள் மொத்தமாகக் கடனில் மூழ்கி, 2008-இல் ரசிகர்களே கூடிக் கைகொடுத்து மீண்ட கிளப் அது. கிளப்பின் பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் மாற்றுவதானால் ரசிகர் அறக்கட்டளையின் சம்மதம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கஜானாவை உடைக்காதது சரிதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஜனவரியில் ஒரு நல்ல தடுப்பாட்டக்காரரை வாங்குவது கஜானாவை உடைப்பதாகாது.

அதன் பிறகு நடந்தது மோசம். அடுத்த பருவத்தில் இரண்டாம் பிரிவிலும் நிற்க முடியவில்லை. 2025 ஜனவரியில் எட்வர்ட்ஸ் போனார். மே மாதக் கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் ப்ராமிடம் 5-3 என்று தோற்று மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். மறுபடியும் மூன்று கோல் போட்டுத் தோல்வி. பெரியவர் ஞாபகம் வந்தது. பேரன் இப்போது இரண்டு கடைசி நாள் பார்த்துவிட்டான்.

2025 அக்டோபரில் மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. லூட்டனுக்குப் புது மேனேஜர், ஆர்சனலின் பழைய செல்லப்பிள்ளை ஜாக் வில்ஷேர். "இனிமே பாதி லூட்டன் எங்களோடது மாமா. அடுத்த தடவை வந்தா உள்ளேயே போவோம்." சரி, ஆனால் எதிரணிப் பக்கத்து டிக்கெட்டாகப் பார்த்து எடு, எனக்கு அந்தப் படிக்கட்டில் ஏறவேண்டும் என்று பதில் போட்டேன். அதற்கு எதிரணி ஊர்க்காரனாக இருக்கவேண்டுமே என்று கேட்டிருக்கிறான். யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.